மோஸ்தார் பாலம் நின்றதும் விழுந்ததும்

போஸ்னியக் குரோஷியர்கள் 1992 ஏப்ரலில் அமைத்த படை, எச்.வி.ஓ. எனப்பட்ட குரோஷியப் பாதுகாப்பு மன்றம். முதலில் போஸ்னியாக் முஸ்லிம்களோடு சேர்ந்து செர்புப் படைகளை எதிர்த்தது. 1993 மே மாதம் போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் அதே கூட்டாளிகள் மீது துப்பாக்கியைத் திருப்பியது. அந்த நவம்பரில் அதன் டாங்கி, நெரெத்வா ஆற்றின் மேலிருந்த பழைய கற்பாலத்தைக் குறிவைத்தது.

1566இல் உதுமானியக் கட்டடக் கலைஞர் ஹைருதீன் கட்டிய பாலம் அது. ஆற்றுக்கு நடுவே தூணே கிடையாது. சுமார் 29 மீட்டர் அகலத்தை ஒரே வளைவு தாண்டியது. அது 427 ஆண்டுகள் நின்ற சூட்சுமம் கல்லின் இயல்பில் இருக்கிறது. கல் இழுத்தால் எளிதில் பிளக்கும், அழுத்தினால் அசையாது. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்க, உச்சியின் எடை இரு பக்கமும் சரிந்து இறங்கிக் கரைகளில் போய்ச் சேர்கிறது. எடைதான் கற்களை இறுகப் பிடித்து வைக்கிறது. போதாததற்கு, கற்களை இரும்புப் பிடிகளால் இணைத்து, குழிகளில் ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். ஈயம் இடைவெளியை நிரப்பியது, இரும்பைத் துருவிலிருந்தும் காத்தது.

ஆனால் இந்த அழுத்தம் ஓடும் பாதை, கல்வளைவின் பருமனுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அந்தப் பருமன் ஒரு மீட்டருக்கும் குறைவு. பக்கவாட்டில் பாயும் குண்டுகள் கல்லைப் பெயர்க்கப் பெயர்க்க, மிஞ்சிய கற்கள்மேல் சுமை ஏறும்; அழுத்தப் பாதை விளிம்பை நோக்கி நகரும். அது விளிம்பைத் தொடும் இடத்தில் இணைப்பு கீல்போலத் திறந்துகொள்ளும். அப்படி நான்கு கீல்கள் உருவானால் வளைவு மடிந்துவிடும். குண்டடியைத் தாங்கப் பாலத்தில் பழைய டயர்களைத் தொங்கவிட்டு, மேலே தகரக் கூரையும் போட்டிருந்தார்கள். டாங்கிக் குண்டுக்கு அவை எம்மாத்திரம்? நவம்பர் 8 முழுதும் அடி வாங்கி, மறுநாள் காலை பாலம் ஆற்றில் விழுந்தது.

எதிர்த்தரப்பான போஸ்னிய அரசுப் படையும் பாலத்தைப் பயன்படுத்தியதால் அது ராணுவ இலக்கே என்று ஹேக் நகரின் சர்வதேசத் தீர்ப்பாயம் 2017இல் மேல்முறையீட்டில் கூறியது. முற்றுகையில் சிக்கிய பொதுமக்கள் உணவுக்கும் தண்ணீருக்கும் கடந்த வழியும் அதுவே. அந்தத் தீர்ப்பை என் மனம் ஏற்கவில்லை.

போருக்குப் பின், அதே வட்டாரத்துத் தெனெலியா சுண்ணாம்புக்கல்லை வெட்டி, சாரம் கட்டி, இரு கரைகளிலிருந்தும் கல் கல்லாக அடுக்கினார்கள். உச்சிக் கல் பொருந்தும்வரை முழு எடையும் சாரத்தின் மேல்தான். பழைய முறைப்படியே இரும்பு வைத்து ஈயமும் வார்த்தார்கள். 2004 ஜூலை 23 அன்று பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.