சோனிங்: நிலத்துக்குக் கட்டிய கச்சை

அமெரிக்காவில் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதியான கவுண்டி ஒன்றின் அரசு நில விதிகளைத் திருத்தும்போது, அறிவிப்பில் தவறாமல் இடம்பெறும் சொல் ‘சோனிங்’. இதை ‘மண்டலப்படுத்தல்’ என்று தமிழில் எழுதினால், படிப்பவருக்கு ஏதோ எல்லைப் பிரிப்பு என்று தோன்றுமே தவிர, தம் வீட்டுக்கு அடுத்த மனையில் என்ன எழும்பலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டம் இது என்று விளங்காது.

இதன் வேர், இடுப்பில் கட்டும் கச்சையைக் குறிக்கும் ‘சோனே’ என்ற கிரேக்கச் சொல். பூமியைக் கச்சைபோல் சுற்றிக் கிடக்கும் வெப்ப, குளிர்ப் பகுதிகளுக்கு அப்பெயர் ஆகிவந்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. நில ஒழுங்கைக் குறிக்கும் பொருள் மிகவும் பிந்தியது. 38 மாடி ஈக்விட்டபிள் கட்டடம் எழும்பிச் சுற்றுத் தெருக்களின் வெயிலை மறைத்ததால் கிளம்பிய எதிர்ப்பும் சேர்ந்து, 1916-இல் நியூயார்க் நகரம் முழுமைக்குமான விதியைக் கொண்டுவந்தது. ஒகையோ மாநிலத்து யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், இத்தகைய விதி செல்லும் என்று 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சொல்லின் முழுப் பொருளையும் காட்டுவது வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி. இணையத்தை இயக்கும் கணினிகளை அடுக்கிவைத்த பெருங்கட்டடங்களான தரவு மையங்கள் மிக நெருக்கமாக அமைந்த அவ்விடத்தில், பள்ளிகள் முதலான பொதுச் சேவைகளுக்குச் செல்லும் வரியில் பெரும் பங்கு அவற்றிலிருந்தே வருகிறது. ஆனால் குளிரூட்டும் விசிறிகளின் இரைச்சலும் உயர் மின்கம்பிகளும் குடியிருப்புகளின் ஓரம்வரை வந்துவிட்டன. 2023 டிசம்பரில் தன் சோனிங் சட்டத்தையே திருத்தி எழுதிய கவுண்டி, 2025 மார்ச்சில் இன்னொரு முடிவெடுத்தது. குறிப்பிட்ட வலயங்களில் தனி ஒப்புதல் இன்றியே, ‘உரிமைப்படி’, தரவு மையம் கட்டலாம் என்றிருந்த நிலை நீங்கியது. இனி ஒவ்வொரு புதிய திட்டமும் மக்கள் கருத்துக்கேட்பைக் கடந்து, கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவின் வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். நிலத்தின் ஓரத்தில் நடப்படும் அறிவிப்புப் பலகையில் விண்ணப்ப எண்ணையும் கூட்ட நாளையும் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் நேரில் போய்ப் பேசலாம். அந்த வாய்ப்பு முன்பு இல்லை என்பதே திருத்தத்தின் உயிர்.

தமிழில் எதைச் சொல்வது? இலங்கையில் கல்வி வலயம் என வழங்கும் ‘வலயம்’, வளையும் வட்டமும் ஆகிய பொருள்களால் கிரேக்கக் கச்சைக்கு மிக அருகில் நிற்கிறது. ‘சோன்’ என்பதற்கு அது நன்கு பொருந்தும். ஆனால் ‘சோனிங்’ என்பது பகுதியின் பெயரன்று, அதில் இன்னது செய்யலாம் என்று வகுக்கும் செயல். நஞ்சை, புன்செய், நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு என்று நிலத்தைப் பயனாலும் தன்மையாலும் பிரித்துப் பெயரிட்டுப் பழகிய மொழியில், அதை ‘நிலப்பயன் வகுப்பு’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். ஒரு நிலத்தின் வகுப்பை மாற்றும் ‘ரீசோனிங்’ என்பதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. மனை வாங்கிய பலரும் அலுவலகப் படியேறி அறிந்த ‘நிலப் பயன்பாட்டு மாற்றம்’ இருக்கிறது. ஒரு மனைக்கு மட்டும் விதியைத் தளர்த்தும் ‘வேரியன்ஸ்’ என்பதை ‘விதித் தளர்வு’ எனலாம்.