மண்ணுக்குள் தாமதமாக வரும் கோடை

போன ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கான அறிவியல் கூட்டம் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே கத்திரி வெயில், தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஒன்பதாவது படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், ஆஸ்திரேலியாவுல ஒரு ஊர்ல பூமிக்குள்ள வீடு குடைஞ்சு ஏசி இல்லாம இருக்காங்களாமே, நாமளும் அப்படிக் கட்டிக்க முடியாதா?" அங்கே ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அவள் சொன்ன ஊர் கூபர் பெடி. தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலை நிலத்தில், அடிலெய்டிலிருந்து சாலை வழியே சுமார் 850 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அந்தத் தூரத்துக்குச் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினால் கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடுவோம். மக்கள்தொகை ஏறக்குறைய 1,500. ஓர் ஆண்டில் பெய்யும் மழை 150 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு ஒரே நாளில் அதைவிட அதிகமாகக் கொட்டியதுண்டு. குடிதண்ணீருக்கு ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றில் எடுக்கும் உப்புநீரை ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் முறையில் சுத்தம் செய்கிறார்கள். நம் காட்டுப்பள்ளி ஆலை 2010இல் தொடங்கப்பட்டதும் கடல்நீருக்கு அதே வேலையைச் செய்யத்தான்.

இப்படி ஒரு இடத்தில் ஊர் ஏன் வந்தது? ஓப்பல் என்ற மணிக்கல்லுக்காக. பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடலடிச் சேறு இறுகிப் பாறையானது, பிறகு அந்தப் பாறை சிதைந்தபோது கரைந்த சிலிக்கா இடுக்குகளில் படிந்து ஓப்பல் ஆனது. சில இடங்களில் பழைய சிப்பிகளே முழுக்க ஓப்பலாக மாறிக் கிடைக்கின்றன. 1915 பிப்ரவரியில் தங்கம் தேடி வந்த ஒரு சிறு குழுவில் அப்பாவோடு வந்திருந்தான் 14 வயது வில்லி ஹட்சிசன். தரையில் கிடந்த ஓப்பல் துண்டுகளை அவன் கண்டெடுத்த பிறகு சுரங்கக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களும் வந்தார்கள். பதுங்குகுழிகளில் வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். வீடு கட்ட மரம் இல்லாத இடத்தில் குன்றைக் குடைந்து தங்கினார்கள். அந்த வீடுகளுக்கு இன்றும் டக்அவுட் என்றுதான் பெயர். 1920இல் ஊருக்கு வைத்த பெயர் 'குபா பிடி' என்ற பழங்குடிச் சொற்களிலிருந்து வந்தது. வெள்ளைக்காரனின் குழி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1946இல் டோட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண் எய்ட் மைல் என்ற இடத்தில் பெரிய ஓப்பல் படிவைக் கண்டுபிடிக்க, ஊர் மறுபடி சூடுபிடித்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இன்று அங்கே தேவாலயங்கள்கூடப் பாறைக்குள் இருக்கின்றன.

கோடையில் வெளியே 45 டிகிரியைத் தாண்டும். குளிர்கால இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். டக்அவுட்டுக்குள் ஆண்டு முழுக்க 23 முதல் 25 டிகிரிதான். எப்படி?

இதற்குக் கூபர் பெடி வரை போக வேண்டாம், திருவொற்றியூர் கடற்கரைக்குப் போனாலே போதும். உச்சி வெயிலில் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆனால் கால் கட்டைவிரலால் ஒரு சாண் தோண்டிப் பாதத்தைப் புதைத்தால் சில்லென்று இருக்கும். சின்ன வயதில் நாம் எல்லோரும் செய்ததுதான். அந்த ஒரு சாணில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல்.

தெருமுனையில் தண்ணீர் லாரி நிற்கிறது, குடங்கள் கைமாறிச் சந்துக்குள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் அண்டாவை நிரப்பிக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்த வீட்டுக்குத் தள்ளுகிறார். மண்ணில் சூடு போவதும் இப்படித்தான். மேல் அடுக்கு முதலில் தான் சூடாகிக்கொண்ட பிறகே கீழ் அடுக்குக்குக் கொடுக்கும். சூடு பாதி வழியில் இருக்கும்போதே மேலே பொழுது சாய்ந்துவிடும். தரை குளிர்ந்ததும் கீழே போய்க்கொண்டிருந்த சூட்டில் ஒரு பங்கு மேலேயே திரும்பிவிடுகிறது. ஆகவே ஆழம் போகப் போக இரண்டு நடக்கின்றன. ஏற்ற இறக்கம் சுருங்குகிறது, கூடவே தாமதமும் ஆகிறது. உலர்ந்த மணலில் ஒரு சாண் ஆழத்துக்கு மதியச் சூடு போய்ச்சேர ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகும். அதாவது கடற்கரையில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நடுராத்திரியை ஒட்டித்தான் அங்கே 'மதியம்' வருகிறது. வரும்போது அதன் உக்கிரமும் பதினைந்தில் ஒரு பங்காக இளைத்திருக்கும்.

இதற்கான கணக்கை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் போட்டுவிட்டார். சூடு ஏறி இறங்குவதை ஓர் அலையாக வைத்துக்கொண்டால், அந்த அலை எவ்வளவு மெதுவாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு ஆழமாகப் போகும் என்கிறது அந்தக் கணக்கு. ஆனால் நேர் விகிதத்தில் இல்லை, வர்க்கமூலத்தில். பகல், இரவு என்ற ஒருநாள் அலை பாறையில் சுமார் 15 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கோடை, குளிர் என்ற அலைக்கு 365 நாள். 365இன் வர்க்கமூலம் சுமார் 19. எனவே அந்த அலை அதே அளவு குறைய 19 மடங்கு ஆழம் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று மீட்டர். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் கிட்டத்தட்ட இரண்டு மாதம் தாமதம். கூபர் பெடியில் ஜனவரியின் சராசரி வெப்பத்துக்கும் ஜூலைக்கும் இடையே 17 டிகிரி வித்தியாசம் உண்டு. ஆறு மீட்டர் ஆழத்தில் அது இரண்டரை டிகிரிக்கும் கீழே வந்துவிடும். மிஞ்சுவது ஆண்டு சராசரிதான். அந்த ஊரின் சராசரி 21 டிகிரியை ஒட்டியது. அதோடு ஆட்களின் உடல் சூடு, அடுப்பு, விளக்கு எல்லாம் சேரும்போது இதமான அறை கிடைத்துவிடுகிறது.

மாணவியின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. மண் நமக்கு ஆண்டு சராசரியைத்தான் கொடுக்கும். சென்னையின் சராசரி 28 டிகிரிக்கு மேல். அதுவும் ஈரக்காற்றோடு. அப்புறம், வடசென்னையின் கரையோரத்தில் பத்துப் பதினைந்து அடி தோண்டினாலே பல இடங்களில் தண்ணீர் வந்துவிடும், மணலும் சரியும். கூபர் பெடியின் பாறையோ இயந்திரத்தால் வெட்டும் அளவுக்கு மென்மை, தூண் இல்லாமல் நிற்கும் அளவுக்கு உறுதி. அந்த வசதி நமக்கு வாய்க்கவில்லை.

ஆனால் தாமதம் என்ற பாதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். நம் முன்னோர் எடுத்தும் இருக்கிறார்கள். ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பார்க்கலாம். மர உத்திரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையில் செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்த கூரை. ஓர் அடியை நெருங்கும் அந்தக் கனத்தைத் தாண்டி மதிய வெயில் உள்ளே வர ஆறேழு மணி நேரமாவது ஆகும். அதற்குள் கடற்காற்று வந்துவிடும், சன்னலைத் திறந்துவிடலாம். நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளத்தில் மூன்று மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நேரத்தில் சரியாகத் தலைக்கு மேல் கொதிக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் தாமதம் என்ற பேச்சே இல்லை, வெயில் பட்டதும் உள்ளே.

வீடு கட்டும்போது கன்னி மூலையில் பள்ளம் ஆகாது, வாசல் இந்தத் திசையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்துவுக்காகச் சுவரை இடித்துக் கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தச் செலவில் மொட்டை மாடியில் சுண்ணாம்பு ஜல்லித் தளம் போட்டிருந்தால் வீட்டில் இருக்கும் கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் தூக்கம் கிடைத்திருக்கும். அரசின் மீதும் எனக்கு ஆதங்கம் உண்டு. எண்ணூர் முதல் புளியந்தோப்பு வரை ஷீட் வீடுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கூரைச் சூட்டை ஆண்டு முழுக்க அளந்து, மலிவான கனத்த கூரை எது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ராக்கெட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. இதற்கும் கொடுங்கள் என்கிறேன்.

அந்த மாணவியிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, வீட்டுக் கூரையின் அடிப்புறத்தை மணிக்கொரு முறை அளந்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். போகும்போது, "அப்போ அந்த ஊர்ல மண்ணுக்குள்ள இப்ப என்ன மாசம் சார்?" என்று கேட்டாள். கணக்குப் போட்டுச் சொன்னேன். நமக்கு மே மாதக் கத்திரி. கூபர் பெடியில் தரைக்கு மேல் குளிர்காலம் தொடங்கப் போகிறது. ஆறு மீட்டர் ஆழத்துப் பாறைக்கு ஜனவரி மாதத்து வெயில் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கும்.