ஐந்தாவது நாற்காலி

நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும், இங்கே மூவர், அங்கே இருவர் என்று. யாருக்கும் யார்மீதும் மனத்தாங்கல் இல்லை. தாமாகக் கூடிப் பேசுகிறவர்களை பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்து 1995-இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: ஒரே பேச்சில் நிற்பவர்கள் ஏறக்குறைய நான்கு பேர்.

காது ஒரு காரணம். வட்டம் பெரிதாகப் பெரிதாக எதிரில் இருப்பவர் விலகிப் போகிறார். தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். பேச முறை கிடைப்பது இன்னொன்று. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க விடும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடிதான். அந்த நொடிக்காகப் பத்துப் பேர் காத்திருந்தால், துணிந்தவருக்கே அது கிடைக்கும். மற்றவர்கள் பார்வையாளர்கள்.

அமைதியான அறையிலும் பேச்சு உடைவதற்கு வேறொரு கணக்கைச் சொல்கிறார்கள். எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. மூவர் இருந்தால் மூன்று இணைகள். அதில் இரண்டில் நீங்கள் இருக்கிறீர்கள். நால்வரில் ஆறு இணைகள், உங்களுக்கு மூன்று. ஐவரில் பத்து, உங்களுக்கு நான்கே. நீங்கள் இல்லாத இணைகள், நீங்கள் இருப்பவற்றைவிட அங்கேதான் முதன்முறையாகக் கூடுதலாகின்றன. அவர் என்ன நினைக்கிறார், அதை இவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று மனம் தொடர்ந்து கணித்தாக வேண்டும். அங்கே இல்லாத ஒருவரின் மனதைப் பற்றிப் பேச்சு திரும்பினால், கணிக்க இன்னொரு மனம் சேர்ந்துவிடுகிறது. குழு மூவராகச் சுருங்குகிறது.

நட்புக்கும் இப்படி அடுக்குகள் உண்டு என்கிறார் டன்பார்: நெருக்கமானவர் 5, அடுத்து 15, பிறகு 50, 150. இந்த 150-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021-இல் சுவீடன் ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டபோது 2 முதல் 520 வரை எதுவும் வரலாம் என்றே கிடைத்தது. நேரக் கணக்கு இன்னும் பயனுள்ளது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் மதிப்பிட்டார். வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 200-ஐத் தொட இரண்டு ஆண்டுகள்.

ஆகவே எட்டுப் பேர் வருகிறார்களென்றால் நீளமான ஒரே மேசை வேண்டாம். நான்கு நான்காக இரண்டு போடுங்கள். சாப்பாட்டின் நடுவே இருவரை இடம் மாற்றுங்கள். பின்னணிப் பாட்டைக் குறையுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவரை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள், அங்கே ஒரு பக்கம்தான் துணை. காணொளி அழைப்பில் இன்னும் கவனம் வேண்டும்: எல்லாக் குரலும் ஒரே தடத்தில் வருவதால், நேரில்போலக் கூட்டம் தானாகப் பிரிய வழியே இல்லை. நான்கு பேரைத் தாண்டினால் நீங்கள்தான் தனி அறைகளாகப் பிரித்துவிட வேண்டும்.