ரிங் கேட்கவில்லையா? ரவுட்டரை மாற்றாதீர்கள்

"நெட் வேகம் போதவில்லை, அதனால்தான் அழைப்பவருக்கு ரிங் கேட்கவில்லை" என்று இன்னொரு புது ரவுட்டரையும் வாங்கி மாட்டியிருந்தார் ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜ் மேலாளர். ஆடி அமாவாசைக்கு அறை கேட்டு வந்த அழைப்புகள் பாதியிலேயே துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. பாம்பன், மண்டபம் மீன் கம்பெனிகளிலும் கீழக்கரை கிளினிக்குகளிலும் இதே கதைதான். இணையத் தொலைபேசி பொருத்துவதே என் தொழில். இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

வேகத்தின் மேல் பழி போடுவதை முதலில் நிறுத்துங்கள். குரலை இணையத்தில் அனுப்பும் ஜி.711 முறையில் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் நொடிக்கு சுமார் 90 கிலோபிட் போதும். 100 மெகாபிட் இணைப்பை 200 ஆக்கினால் ஏறப்போவது மாதக் கட்டணம் மட்டுமே. வேகம் குறைந்தால் குரல் விட்டுவிட்டு வரும். எடுத்த பிறகு பேச்சு தெளிவாகக் கேட்கிறது, ரிங் மட்டும் இல்லை என்றால் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உப்புக் காற்றில் பச்சை பூத்த கேபிள் முனையும் அப்படித்தான். அது கெட்டால் பேச்சும் சேர்ந்தே கெடும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. உங்கள் காதில் விழும் ரிங், எதிர்முனையில் அடிக்கும் மணி அல்ல. அந்த மணியின் சத்தம் கம்பி வழியே வந்து சேர்வதே இல்லை. நம் நாட்டில் நீங்கள் கேட்பது 400 ஹெர்ட்ஸ் ஒலி: 0.4 நொடி ஒலித்து, 0.2 நொடி நின்று, மீண்டும் 0.4 நொடி ஒலித்து, 2 நொடி ஓயும். எதிர்முனை அடிக்கத் தொடங்கியதும் 180 என்ற எண்ணிட்ட ஒரு செய்தி வரும். அதைக் கண்டு உங்கள் கருவியே இந்தச் சத்தத்தைப் போடும். சில நேரம் 183 வரும். "நீ போடாதே, சத்தத்தை நான் அனுப்புகிறேன்" என்று பொருள். காலர் ட்யூனும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" அறிவிப்பும் இப்படி வருபவைதான். அந்தச் சத்தத்தை ரவுட்டர் வழியில் மறித்துவிட்டால் உங்களுக்கு நிசப்தம். அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் வைத்துவிடுகிறீர்கள், அவர் ஓடி வந்து எடுக்கும்போது யாரும் இல்லை.

அந்த லாட்ஜில் கோளாறு வேறு இடத்தில் இருந்தது. வெளியிலிருந்து வரும் அழைப்பை "வணக்கம், அறை முன்பதிவுக்கு ஒன்றை அழுத்தவும்" என்ற பதிவுக் குரல் எடுத்துவிடுகிறது. எடுத்த நொடியே அழைப்பு இணைந்ததாகக் கணக்கு. அதன் பிறகு 180 அனுப்பிப் பயனில்லை. ரிசப்ஷனுக்கு மாற்றும் நேரத்தில் பி.பி.எக்ஸ். (லாட்ஜின் உள் தொலைபேசிகளை இணைக்கும் கருவி) தானே ரிங் சத்தத்தை உண்டாக்கி அனுப்ப வேண்டும். அங்கே அப்படி அமைக்கவில்லை. அதை இயக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் டயல் கட்டளையோடு 'ஆர்' (r) என்ற ஓர் எழுத்தைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. மூன்று ரவுட்டர் வாங்கினாலும் அந்த எழுத்து வராது.

அதே எழுத்தை வெளியே போகும் அழைப்புகளுக்கும் போட்டுவைக்கும் நண்பர்களே, தயவுசெய்து வேண்டாம். எதிர்முனை அணைந்திருந்தாலும் பொய்யாக ரிங் கேட்கும், உண்மையான அறிவிப்பு காதுக்கே வராது.

ரவுட்டரில் இணைய அழைப்புச் செய்திகளைத் திருத்தி அனுப்பும் 'சிப் ஏ.எல்.ஜி.' (SIP ALG) என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுகிறேன் என்று நுழைந்து முகவரிகளைக் குழப்பிவிடுவது அதன் வழக்கம். பிறகு உள் எக்ஸ்டென்ஷன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அழைத்துப் பாருங்கள். அங்கே ரிங் கேட்டால் உங்கள் கருவியில் குறையில்லை. வெளியே அழைத்து, எடுத்த பிறகு இரு பக்கமும் குரல் கேட்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் குரல் போகும் போர்ட்டுகள் (எண்ணிட்ட வாசல்கள்) ரவுட்டரில் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகப் பி.பி.எக்ஸை உலகத்துக்கே திறந்து வைத்துவிடாதீர்கள்! இணைய அழைப்புகள் வரும் 5060 போர்ட்டைத் தேடித் திரியும் திருடர்கள் இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகளைப் போட்டுவிடுவார்கள், பில் உங்கள் பெயரில் வரும். சேவை தருபவரின் முகவரிகளுக்கு மட்டும் வழி விடுங்கள்.

எங்களைக் கூப்பிடும்போது "ரிங் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எடுத்தபின் குரல் வந்ததா என்று குறித்து வையுங்கள். கிளினிக் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: கோளாறு சரியாகும்வரை, இரவில் ஒரே மணி அடித்து நின்ற எண் எதுவானாலும் உடனே திருப்பி அழையுங்கள்.