நட்ட காலில்தான் ஆபத்து: கிராப்ளிங்கில் டேக்டவுன் எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைக்கிறது

கிராப்ளிங் என்பது அடி உதை இல்லாமல், எதிராளியைப் பிடித்து வீழ்த்திப் பூட்டும் ஆட்டம். நின்றவரைத் தரையில் வீழ்த்துவதுதான் டேக்டவுன். கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவர்கள் கிராப்ளிங் மேட்டில் (பயிற்சி விரிப்பில்) இறங்கினால் முதல் நாளே எதிராளியின் காலைப் பிடித்துவிடுவார்கள். கணுக்கால் பிடி, தொடைப் பிடி எல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை. சிக்கல் அடுத்த நொடியில்தான். கபடியில் பிடிபட்டவரைக் கோட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தினால் போதும். கூட இருப்பவர்கள் வந்து விழுந்து அமுக்குவார்கள், கழுத்தை யாரும் நெரிக்க மாட்டார்கள். கிராப்ளிங்கிலோ குனிந்த தலை நேராக எதிராளியின் அக்குளுக்குள் போய் மாட்டுகிறது, கழுத்தைக் கையால் வளைத்து நெரிக்கும் கில்லட்டின் பிடி இறுகுகிறது. கழுத்து மாட்டியது தெரிந்தும் முன்னால் உந்திக்கொண்டே போய் இருவரும் சேர்ந்து விழுந்தால் அது இன்னும் மோசம்.

மல்யுத்தம் பழகி வருகிறவர்களின் பிரச்சினை வேறு மாதிரி. சர்வதேச மல்யுத்தத்தில் எதிராளியை உயரமாகத் தூக்கி வளைத்து முதுகு விழும்படி வீசினால் ஒரே வீச்சுக்கு 5 புள்ளி வரை கிடைக்கும். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பு) விதிகளில் நடக்கும் ஜியு-ஜிட்சு என்ற கிராப்ளிங் வகைப் போட்டியில், தலைக்கு மேல் தூக்கி வீசினாலும் காலைத் தட்டி உட்காரவைத்தாலும் 2 புள்ளிதான். அதுவும் கீழே விழுந்தவரை 3 விநாடி கட்டுப்பாட்டில் வைத்திருந்தால்தான் கணக்கு. உயரத்துக்குப் பரிசே இல்லாத ஆட்டம் இது. அப்படியிருக்க உயரத்துக்கான அபாயத்தை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இருந்தாலும் உயரமான வீச்சுகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, பக்கவாட்டில் பரந்து விழும் வீச்சு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், நல்ல மேட்டில் பெரும்பாலும் வெறும் சத்தத்தோடு முடியும். பாதம் தரையில் நட்டபடி இருக்க, மேலே இன்னொருவரின் எடை சாய்ந்து முட்டி பக்கவாட்டில் மடங்குகிறதே, பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த விழுகைதான் ஜவ்வைக் கிழிக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. இடுப்பின் மேல் ஏற்றிப் போடும் வீச்சில் விழுபவரின் உடல் மையம் சுமார் 0.9 மீட்டர் கீழே இறங்குகிறது. அதற்கு ஆகும் நேரம் 0.43 விநாடி. தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.2 மீட்டர், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். எதிர்பாராத ஒன்றுக்குக் கை அசையத் தொடங்கவே மனிதருக்குக் கால் விநாடி போய்விடுகிறது. மீதமுள்ள நேரத்தில் வலி உணர்ந்து, முடிவெடுத்து, ‘விட்டுவிடு’ என்று கையால் தட்டி, எதிராளி அதைக் கவனித்து விடுவிப்பது நடக்காத காரியம். தரையில் உருளும்போது தட்டுவது நம்மைக் காப்பாற்றும், காற்றில் காப்பாற்றாது. கிமூராவில் (மடித்த கையைத் தோளில் முறுக்கும் பூட்டு) கையைப் பூட்டியபடி வீசுவது, முழங்கையை அக்குளில் நெம்பியபடி விழுவது, நின்றவாக்கில் கில்லட்டினை இறுக்கிக்கொண்டு பின்னால் சாய்வது இவையெல்லாம் பயிற்சியில் இருக்கவே கூடாதவை. பூட்டையும் வீச்சையும் பிரித்து வையுங்கள். முதலில் தரை, பிறகு பூட்டு.

அடுத்தது, விழுகிறவர் தலை. பின்னால் விழும்போது பழக்கமில்லாதவர் உடலை விறைத்துக்கொள்வார். விறைத்த உடல் குதிகாலை அச்சாக வைத்து மரம் சாய்வதுபோல் சாய்கிறது. 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் அப்படிச் சாய்ந்தால் தலை தரையை அடையும் வேகம் விநாடிக்குச் சுமார் 7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர். அதே 1.7 மீட்டரிலிருந்து ஒரு பொருளைச் சும்மா கீழே விட்டால்கூட விநாடிக்கு 5.8 மீட்டர்தான் வரும். சாய்ந்து விழும்போது உடலின் மற்றப் பகுதிகள் இழக்கும் ஆற்றலில் ஒரு பங்கு நுனியில் இருக்கும் தலைக்குப் போய்ச் சேர்வதால் இந்த வித்தியாசம்.

அதனால் விழக் கற்றுக்கொள்வது என்பது முதலில் உட்காரக் கற்றுக்கொள்வது. முட்டியை மடக்கி, பிட்டத்தைக் குதிகாலுக்குப் பக்கத்தில் இறக்கி, முதுகை வளைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, பார்வையைத் தன் தொப்புளில் வைத்தால் விழும் உயரமும் குறையும், தலை தரையைத் தொடவும் தொடாது. கையால் மேட்டில் ஓங்கி அடிப்பதைப் பலர் மந்திரம்போலச் செய்கிறார்கள். அந்த அடி உறிஞ்சும் அதிர்ச்சி கொஞ்சம்தான். அதன் பெரிய நன்மை, கைக்கு ஒரு வேலை கொடுத்து, அதைத் தரையில் ஊன்றவிடாமல் செய்வது. நீட்டிய கையை ஊன்றினால் முழு எடையும் மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை எலும்பு வழியாக ஏறும். எது பலவீனமோ அது போகும். உள்ளங்கை கீழே பார்க்க, கை உடலிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகி இருந்தால் போதும். தோளுக்கு நேராக விரித்தால் தோள்மூட்டு இழுபடும்.

மேட்டின் கணக்கு எளிது. 0.9 மீட்டர் விழுந்த உடல், மேட்டின் அமுக்கமும் சதையின் அமுக்கமும் சேர்ந்து 3 செ.மீ. தூரத்தில் நின்றால் அதன்மேல் வரும் சராசரி விசை தன் எடையைப் போல் 30 மடங்கு. 1 செ.மீ. தூரத்திலேயே நின்றுவிட்டால் 90 மடங்கு. போட்டி மேட்கள் பொதுவாக 4 முதல் 6 செ.மீ. தடிமன் இருக்கும். மாடி ஹாலில் சிமென்ட் தரைமேல் 2 செ.மீ. இண்டர்லாக் மேட் போட்டிருந்தால் அது உருளத்தான் லாயக்கு, வீசுவதற்கு இல்லை. சோதிப்பது எப்படி? ஒற்றை முட்டியில் முழு எடையையும் வைத்துப் பாருங்கள். தரையின் கடினம் முட்டிக்குத் தெரிந்தால் அந்த மேட்டில் இடுப்பு வீச்சுப் பயிற்சி வேண்டாம்.

முட்டிக்கு வருவோம். முட்டி ஒரு கீல். முன்பின்னாக மடங்கத் தாராளமாக இடமுண்டு, பக்கவாட்டில் அநேகமாக இல்லை. உள்பக்கத்தில் ஒரு ஜவ்வும், மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் சிலுவை ஜவ்வுகளும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாதம் காற்றில் இருந்தால் வெளியிலிருந்து வரும் தள்ளலுக்குக் கால் முழுவதுமே நகர்ந்து தப்பித்துக்கொள்ளும். பாதம் ஊன்றி, அதன்மேல் எடையும் இருந்தால் தப்ப வழியில்லை. தள்ளும் விசை அப்படியே ஜவ்வில் இறங்குகிறது.

மோசமான உதாரணம், ஜூடோவில் கானி பசாமி எனப்படும் கத்தரிக்கோல் வீச்சு. பக்கத்திலிருந்து பாய்ந்து, ஒரு காலை எதிராளியின் வயிற்றின் குறுக்கிலும் மற்றதை அவர் கால்களுக்குப் பின்னாலும் போட்டு நெரித்துச் சாய்ப்பது. 1980இல் ஜப்பானின் யாசுஹிரோ யாமாஷிட்டாவுக்குப் போட்டியில் இந்த வீச்சால் கால் எலும்பு முறிந்தது. பிறகு அவர் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார் என்பது வேறு கதை. ஜூடோவிலும் ஐபிஜேஜேஎஃப் போட்டிகளிலும் இந்த வீச்சு தடை செய்யப்பட்டிருக்கிறது.

தடையில்லாத, அதனாலேயே அதிகம் காயப்படுத்துகிற இன்னொன்று உண்டு. பின்னால் அல்லது பக்கத்தில் நின்று இடுப்பைக் கட்டிக்கொண்டு, தன் காலை எதிராளியின் காலுக்குப் பின்னால் நீட்டி உட்கார்ந்து இழுப்பது, அதாவது தானி ஓடோஷி. சரியாகச் செய்தால் உங்கள் பிட்டம் எதிராளியின் குதிகாலுக்குப் பின்னால் காலியான தரையில் இறங்கும், அவர் உங்கள் கால்மேல் பின்னோக்கி உட்காருவார். ஆனால் களைத்தவர் என்ன செய்கிறார்? பின்னால் போகச் சோம்பல்பட்டு, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் தொங்குகிறார். அவருடைய தொடை எதிராளியின் முட்டிக்கு வெளிப்பக்கத்தில் மோதி, 70 கிலோ எடை அங்கே உட்காருகிறது. நட்ட பாதம் நகராது, முட்டி உள்பக்கமாக மடங்குகிறது. உங்கள் இடுப்பு எதிராளியின் குதிகாலைத் தாண்டிப் பின்னால் போகவில்லையென்றால் உட்காராதீர்கள், பிடியை விட்டுவிடுங்கள். நின்றவரின் இடுப்பில் தாவி ஏறிக் காலைப் பூட்டிக்கொள்வதும் இதே வகைதான், அங்கேயும் ஊன்றிய முட்டியில்தான் இரண்டாவது ஆளின் எடை திடீரென்று ஏறுகிறது.

முட்டி போட்டபடி தொடங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பதும் அரைகுறை உண்மைதான். உயரம் குறைகிறது, சரி. ஆனால் மடித்த காலின் மேலேயே பின்னால் தள்ளப்படும்போது பாதம் பிட்டத்துக்கு அடியில் மாட்டுகிறது. தள்ளுகிறவர் நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் திருப்பிச் சாய்க்க வேண்டும்.

டபுள் லெக், கழுத்தைக் கொடுக்காமல்

இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துச் சாய்ப்பதுதான் டபுள் லெக். கபடிக்காரர்களுக்கும் மல்யுத்தக்காரர்களுக்கும் பொதுவான ஆயுதம் இது, அதனால் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கை நீட்டினால் எதிராளியின் தோளைத் தொடும் தூரத்துக்கு வந்த பிறகே நுழைய வேண்டும். தொலைவிலிருந்து பாய்ந்தால் தலைதான் முதலில் போகும். முதுகை வளைக்காமல் முட்டியையும் இடுப்பையும் மடக்கி, உங்கள் இடுப்பு அவர் இடுப்பைவிடக் கீழே வரும்வரை இறங்குங்கள். முன்கால் அவர் இரண்டு பாதங்களுக்கு நடுவே நுழையட்டும். முட்டி தரையைத் தொட்டால் வழுக்கிப் போக வேண்டும், ‘தொப்’ என்று விழக்கூடாது.

தலை எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம். காது அவருடைய விலா எலும்பில் ஒட்டியிருக்க வேண்டும், கண் மேலே பார்க்க வேண்டும். மேலே பார்க்கும் கழுத்துக்கு அதன் இயல்பான வளைவு இருக்கிறது. சுமார் 30 டிகிரி குனிந்ததும் அந்த வளைவு போய், கழுத்தெலும்புகள் ஒரே நேர்கோட்டில் அடுக்கிய தூண் ஆகிவிடுகின்றன. உச்சந்தலையில் இடி விழுந்தால் வளைந்து கொடுக்க எதுவும் இல்லை, எலும்புதான் நொறுங்கும். கில்லட்டினில் கழுத்து மாட்டியபடி உந்தினால் தலை குனிந்த நிலையில் தரையில் குத்துகிறது, மேலே இரண்டு பேர் எடை. ஆகவே கழுத்தைச் சுற்றிக் கை வந்த கணமே உந்துவதை நிறுத்தி, நெரிக்கும் கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இறக்குங்கள். ஒரே காலைப் பிடிக்கும் சிங்கிள் லெக்கில் தலை எதிராளியின் மார்புப் பக்கம், உள்ளே இருக்க வேண்டும். தலையை வெளியே வைத்துச் செய்யும் சிங்கிள் லெக்கை ஐபிஜேஜேஎஃப் வெள்ளை பெல்ட்காரர்களுக்கு, அதாவது புதியவர்களுக்கு, தடுத்திருப்பதும் இந்தக் கழுத்துக்காகத்தான்.

இரண்டு முட்டிக்கும் பின்னால் கைகளைப் பூட்டியாயிற்று என்றால், நேராக முன்னால் ஓடாதீர்கள். தலையால் விலாவைப் பக்கவாட்டில் தள்ளியபடி, மூலை திரும்புவதுபோல் 45 டிகிரி திரும்பி ஓடுங்கள். எதிராளி பின்மண்டையில் விழாமல் இடுப்பிலும் பக்கவாட்டிலும் விழுவார். நீங்களும் அவர் கால்களுக்கு நடுவே சிக்காமல் கால்களைத் தாண்டி சைட் கண்ட்ரோலில், அதாவது பக்கவாட்டிலிருந்து அவரை மேலே அமுக்கும் நிலையில், இறங்குவீர்கள். நேராக ஓடுகிறவர் எதிராளியின் கார்டுக்குள், அதாவது அவர் கால்களின் பிடிக்குள், தானே போய் உட்கார்ந்துகொள்கிறார். பாதுகாப்பும் ஆதாயமும் ஒரே பக்கம் இருக்கிற இடம் இது.

அன்றாட ஸ்பாரிங்குக்கு (பயிற்சி மோதலுக்கு) இன்னும் எளியவை உண்டு. பிடரியைப் பிடித்துக் கீழே இழுத்து முன்பக்கத்திலிருந்து தலையைக் கட்டுவது, கையை இழுத்து முதுகுக்குப் போவது, முன்னங்கால் குதிகாலைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளுவது. இவற்றில் எதிராளி விழும் தூரமும் குறைவு, நீங்கள் அவர்மேல் விழவும் தேவையில்லை. வீசுகிறவர் பெரும்பாலும் மறப்பது ஒன்று: எதிராளியின் ஒரு கையை முழங்கைக்கு மேல் பிடித்து, அவர் தரையைத் தொடும் கணத்தில் லேசாக மேலே இழுக்க வேண்டும். அவர் பக்கவாட்டில் திரும்பி விழுவதும், அந்தக் கையை ஊன்றாமல் இருப்பதும் அந்த இழுப்பில் இருக்கிறது. அதே கைதான் அடுத்து ஆர்ம்பார் என்ற முழங்கைப் பூட்டுக்கும் வழி.

வியர்வை, மணல், இடம்

புதுச்சேரியின் ஈரக் காற்றில் வியர்வை உலராது. பத்து நிமிடத்தில் தோலும் ரேஷ்கார்டும் (உடலோடு ஒட்டிய பயிற்சிச் சட்டை) வழுக்கும். தூக்கும் வீச்சுகள் பாதியில் நழுவுவது அப்போதுதான், நழுவினால் எதிராளி எந்தக் கோணத்தில் விழுவார் என்று யாருக்கும் தெரியாது. தூக்கும் பயிற்சியை வகுப்பின் தொடக்கத்தில் வையுங்கள். தோலைப் பற்றாமல், அவர் உடலைச் சுற்றி உங்கள் இரு கைகளையும் கோத்துப் பூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுக்கு அடியில் ஈரம் சேர்ந்து துண்டுகள் நகரும். இடைவெளியில் கால்விரல் மாட்டினால் அதுவும் நட்ட கால்தான்.

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலையில் பயிற்சி செய்ய ஆசை வரும். உலர்ந்த மணலில் விழலாம், தப்பில்லை. ஆனால் கணுக்கால் வரை புதைந்த பாதம் சுழலாது, திரும்பிப் போடும் வீச்சுகளில் முட்டி முறுக்கிக்கொள்ளும். அலை ஓரத்து ஈர மணலோ கிட்டத்தட்ட சிமென்ட் தரைதான். அங்கே பிடி, நுழைவு இரண்டுக்கு மட்டும் பயிற்சி போதும்.

ஹாலில் நடக்கும் காயங்களில் பல, பக்கத்து ஜோடியின்மேல் விழுவதால் வருகின்றன. 6க்கு 6 மீட்டர் இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஜோடி மட்டும் நிற்கட்டும், மற்றவர்கள் ஓரமாக உட்காரட்டும். எடை வித்தியாசம் 10 கிலோவுக்கு மேல் என்றால் தூக்கிப் போடுவது வேண்டாம்.

அப்படியும் முட்டியில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள், சிலுவை ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் போட்டு உருவுவதோ புத்தூர் கட்டோ இதற்கு உதவாது. எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டு நடுக் கழுத்தெலும்பைத் தொட்டால் வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது, விரல் அசையவில்லை என்றால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்திருக்க, இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.