அபிபாக்: ஒரே ஸ்கூல்ல படிச்சு ரெண்டு நாட்டு சர்டிபிகேட்

பிரான்ஸ்ல கொலேஜ் (அங்க நடுநிலைப் பள்ளிக்கு அதுதான் பேரு) கடைசி வருஷம், அதாவது த்ருவாசியெம் படிக்கிற பிள்ளை வீட்ல இருந்து, அது ஜெர்மனும் படிக்குதுன்னா இந்த அபிபாக் பத்தி இப்பவே விசாரிச்சு வைங்க. பிரான்ஸ்ல ஸ்கூல் முடிச்சா பக்காலோரேயா, ஜெர்மனில அபிட்டூர். அபிபாக் பிரிவுல படிக்கிற பிள்ளைக்கு ரெண்டுமே கிடைக்கும். 1994ல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு கொண்டுவந்தது இது.

லீசே, அதாவது மேல்நிலைப் பள்ளி, மூணு வருஷமும் ஜெர்மன் மொழி, இலக்கியம் கூடுதலா இருக்கும், அதோட சரித்திரமும் பூகோளமும் ஜெர்மன்லயே நடத்துவாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அந்த சரித்திரப் பாடம்தான், ஏன்னா ரெண்டு உலகப் போர்லயும் எதிரெதிரா நின்ன நாடுங்க, இன்னைக்கு ஒரு பிரெஞ்சுப் பிள்ளை அதே போரை ஜெர்மன் மொழியில படிச்சு ஜெர்மன்லயே பரீட்சை எழுதுது, 1963ல பிரான்ஸ் ஜனாதிபதி தெகோலும் மேற்கு ஜெர்மனி சான்ஸ்லர் அடினாவரும் எலிசே ஒப்பந்தம்ங்கிற நட்பு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டப்பவே ஒருத்தர் மொழியை ஒருத்தர் பிள்ளைங்க படிக்கணும்னு அதுல எழுதி வச்சாங்க.

அரசு லீசேல இதுக்குன்னு தனி ஃபீஸ் கிடையாது. பிரெஞ்சு குடியுரிமை இருக்கணும்னும் இல்ல, நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த சந்தேகத்துலயே கேக்காம விட்டுடறாங்க. வீட்ல தமிழ், வெளிய பிரெஞ்சுன்னு வளர்ற பிள்ளைக்கு இன்னொரு மொழி பாரமா இருக்கும்னு நாமளே முடிவு பண்ண வேண்டாம், மொழி மாத்தி மாத்திப் பேசுறது அதுங்களுக்கு ஏற்கனவே பழக்கம்தானே.

எல்லா லீசேலயும் இது இல்ல, இருக்கிற இடத்துலயும் சீட் கம்மி, பிள்ளையோட மார்க்கும் ஜெர்மன் லெவலும் பாத்துதான் எடுப்பாங்க. அதனால வருஷக் கடைசி வரை காத்திருக்காம ஜெர்மன் டீச்சர்கிட்டயும் ஸ்கூல்லயும் முன்னாடியே கேளுங்க. ஜெர்மனில இருக்கிறவங்க இன்னும் சீக்கிரம் பாக்கணும், அங்க பெரும்பாலும் சின்ன கிளாஸ்லயே ஜிம்னாசியத்தோட (அபிட்டூர் வரை நடத்துற ஸ்கூல்) பைலிங்குவல் பிரிவுல சேர்ந்துடணும்.

முடிச்சதும் ரெண்டு நாட்டு யுனிவர்சிட்டிக்கும் அந்தந்த நாட்டுப் பிள்ளைங்க மாதிரியே அப்ளை பண்ணலாம். மெடிசின் மாதிரி போட்டி அதிகம் உள்ள படிப்புக்கு மட்டும் தனித் தேர்வுமுறை உண்டு, அதுல சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

பிள்ளை ஸ்பானிஷ் படிக்குதுன்னா பாஷிபாக், இத்தாலியன்னா எசாபாக், ரெண்டும் இதே மாதிரிதான்.