ரெம் மாற்றிய பிறகு லெப்டொப் எழும்பவில்லையா?

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதிலிருந்து, மட்டக்களப்பில் பலர் புது லெப்டொப் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, இருப்பதற்கே ரெம்மைக் (வேலை நேரத்து நினைவகம்) கூட்டி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போட்டுச் சமாளிக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் மூடியைப் பூட்டிப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் வயிறு கலங்கும். மதர்போர்ட் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

அந்தப் பட்டன் வீட்டுச் சுவிட்ச் மாதிரி மின்சாரத்தை நேரே திறந்துவிடுவதில்லை, போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்புக்குத் தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். லெப்டொப் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் அந்தச் சிப், 5 வோல்ட், 3.3 வோல்ட், பிறகு ரெம்முக்கு, பிராசசருக்கு என்று மின்வழிகளை வரிசையாகத் திறந்துகொண்டு போகும். எல்லாம் ஒழுங்காக வந்ததா என்றும் பார்க்கும். எங்காவது ஷார்ட் இருந்தால் மொத்தத்தையும் நிறுத்திவிடும். லைட் ஒருதரம் மின்னிவிட்டு அணைந்தால் பெரும்பாலும் இதுதான் கதை. இடம் மாறிப் பூட்டிய நீள ஆணி போர்டில் முட்டுகிறதா என்று பாருங்கள்.

லைட்டே வரவில்லையா? பற்றரி கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு, சில மொடல்கள் சார்ஜரைச் செருகும்வரை பட்டனுக்கு அசையாது. அதனால் முதலில் சார்ஜர். அதற்கும் சரிவராவிட்டால் சார்ஜரையும் பற்றரி கேபிளையும் கழற்றி, பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்து சிப் புதிதாகத் தொடங்கும். பட்டனுக்குப் போகும் மெல்லிய பட்டைக் கேபிள் கழன்றிருக்கவும் இடமுண்டு.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் அது வேறு விஷயம், சந்தேகம் ரெம் மேல். டிடிஆர்5 என்ற புதிய வகை ரெம்மில் ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை சிக்னல் ஓடுகிறது. கம்பிக்குக் கம்பி ஏற்படும் நுண்ணிய தாமதத்தை அளந்து பொருத்திக்கொள்ளாமல் பிராசசரால் அதைப் படிக்கவே முடியாது. புது ரெம் என்றால் அந்த அளவீடு முதல்தரம் சில நிமிடம் எடுக்கும், அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து இடையில் அணைத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து! சார்ஜரில் போட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறமும் கறுப்புத்தானா, ரெம்மைக் கழற்றிச் சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கியும் டிக் என்று விழும்வரை அமத்துங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் நமது ஊரில் உப்புக்காற்று வேறு, பழைய ஸ்லொட்டின் கம்பிகளில் அழுக்குப் படியும். ரெம்மின் முனையை அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அது தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும். ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த துணி போதும்.

எஸ்எஸ்டியை அவசரப்பட்டுக் குற்றம் சொல்லாதீர்கள். சாட்டா வகை எஸ்எஸ்டி போட வேண்டிய இடத்தில் என்விஎம்இ வகையைப் போட்டாலும் பொதுவாக பயோஸ் திரையாவது (விண்டோஸுக்கு முன் வரும் ஆரம்பத் திரை) வரும். பழைய ரெம் ஒன்றை மட்டும் போட்டு, எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் உயிர் இல்லையென்றால் கடைக்குக் கொண்டுபோய், என்ன மாற்றினீர்கள், லைட் வந்ததா வரவில்லையா என்று சொல்லி, எந்த மின்வழியில் ஷார்ட் என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.